புதுப்பிக்கப்பட்ட ஜார்ஜியன் கிராம வீடு: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் வீட்டு விற்பனை அறிவிப்புகளைப் பார்த்துவருபவர்களுக்கு, "கிராமத்தின் நடுவே ஜார்ஜியன் வீடு, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, சுவர் சூழ்ந்த தோட்டத்துடன்" என்ற வரி பழக்கமானதாக இருக்கும். சிவப்புச் செங்கல் முகப்பு, நடுவில் கதவு, இருபுறமும் ஒரே அளவில் வெள்ளைச் சன்னல்கள், பின்னால் பழமரங்கள் என்று படத்தைப் பார்த்தவுடனே மனம் அங்கே குடியேறிவிடும். ஆனால் வீட்டின் வயது 200 ஆண்டுகளைத் தாண்டினாலும், வாங்குபவர் கையில் வந்து சேர்வது கடைசியாக அதைப் புதுப்பித்தவர் எடுத்த முடிவுகளே. அவர் எந்தச் சாந்தைப் பூசினார், எதைப் பிடுங்கி எறிந்தார், யாரிடம் அனுமதி பெற்றார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கத் தெரிந்துகொண்டால், இந்த வகை வீடு வாங்குவதில் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்த்துவிடலாம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைச் சுற்றியே நகர்கிறது.

இங்கு ஜார்ஜியன் என்பது காக்கசஸ் மலைப்பக்கத்து ஜார்ஜியா நாட்டைக் குறிப்பதன்று. 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து அரியணையில் இருந்த நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக் கட்டடங்களைக் குறிப்பது. கீழே சொல்லப்படும் சட்டமும் வரியும் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

1. வாங்கும் எண்ணம் இல்லாமல் முதலில் இரண்டு வீடுகளைப் பாருங்கள்

தரகரோடு போய்ப் பார்க்கும் வீட்டில் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் கிராம வீடுகளுக்கு முதலில் போய்வருவது நல்லது. ஹாம்ப்ஷயரில் சாட்டன் என்ற கிராமத்தில், எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த செங்கல் வீடு சாலையோரமாகவே நிற்கிறது. அது 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, அடுத்த நூற்றாண்டில் மாற்றப்பட்ட வீடு. சாலையைப் பார்த்திருந்த ஒரு சன்னலை அடைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்த்து வேறொன்றைத் திறந்திருப்பதை அங்கே காணலாம். பழைய வீடு என்பது ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்ட பொருளன்று, தலைமுறைதோறும் கை வைக்கப்பட்டது என்பதை அந்த ஒரு சன்னலே புரியவைத்துவிடும்.

அங்கிருந்து சில மைல் தொலைவில் செல்போர்ன் இருக்கிறது. இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட்டின் வீட்டுத் தோட்டத்தில், அவர் 1761-இல் அமைத்த 'ஹா-ஹா'வை இன்றும் பார்க்கலாம். ஹா-ஹா என்பது ஒரு பக்கம் செங்குத்தான சுவரும் மறுபக்கம் புல் சரிவும் கொண்ட பள்ளம். மேய்ச்சல் மாடுகள் தோட்டத்துக்குள் ஏறி வரமுடியாது. ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு வேலியே இல்லாததுபோல் புல்வெளி தொலைவு வரை ஓடும். விற்பனை அறிவிப்பில் இந்தச் சொல் வந்தால், அழகான காட்சியோடு அந்தத் தாங்குசுவரைப் பழுதுபார்க்கும் கடமையும் சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. முகப்பை நம்பாமல் வீட்டைச் சுற்றி வாருங்கள்

கிராமங்களில் ஜார்ஜியன் என்று விற்கப்படும் வீடுகளில் கணிசமானவை, உண்மையில் அதைவிடப் பழைய மரச்சட்ட வீடுகள். 18-ஆம் நூற்றாண்டில் கையில் பணம் சேர்ந்த உழவரோ வணிகரோ, பழைய வீட்டை இடிக்காமல், தெருப்பக்கம் மட்டும் புதுப் பாணியில் ஒரு செங்கல் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டார். சஃபோக், எஸெக்ஸ் பகுதிகளில் இது மிக வழக்கம். இது மோசடியன்று, இப்படிப்பட்ட வீடுகளில் சில மிக அருமையானவை. ஆனால் செங்கல் சுவருக்கும் மரச்சட்டத்துக்கும் பழுதுகள் வெவ்வேறு என்பதால், எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கம் போய்க் கூரைச் சரிவைப் பாருங்கள். முன்பக்கம் கம்பீரமாக நிமிர்ந்திருக்கும் வீடு பின்னால் தாழ்ந்த, செங்குத்தான கூரையோடு குனிந்திருந்தால், உள்ளே பழைய வீடு ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கென்ட், சஸெக்ஸ் பக்கங்களில் செங்கல்லைப் போலவே தோற்றமளிக்கும் ஓடுகளை மரச்சட்டத்தின்மேல் பதித்த முகப்புகளும் உண்டு. விரல் முட்டியால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் ஒலி கேட்கும்.

அடுத்து சன்னல்கள். மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னல்தான் இந்த வீடுகளின் கண். பழைய சன்னலையும் பின்னால் பொருத்திய போலியையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கின்றன. மேற்சட்டத்தின் அடிமூலைகளில் சிறு கொம்புபோல மரம் கீழ்நோக்கி நீண்டிருந்தால், அந்தச் சட்டம் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது அல்லது அதற்கும் பிந்தையது. ஜார்ஜியன் சட்டங்களுக்குக் கொம்பு கிடையாது. கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குக் கட்டைகள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை அங்குலம் வரை தடித்திருந்தன; 1820-களில் அரை அங்குல அளவுக்கு மெலிந்துவிட்டன. ஆகவே ஒரே வீட்டில் தடித்ததும் மெலிந்ததும் கலந்திருந்தால் காரணம் கேளுங்கள். மூன்றாவது, கண்ணாடி. அக்காலத்தில் உருகிய கண்ணாடியைக் கோலின் நுனியில் சுழற்றித் தட்டாக விரித்து, அதிலிருந்து துண்டுகளை வெட்டினார்கள். வெளியே சற்றுச் சாய்வாக நின்று சன்னலில் எதிரேயுள்ள மரத்தின் நிழலுருவைப் பாருங்கள். பழைய கண்ணாடியில் அந்தக் கிளை ஒவ்வொரு கட்டத்திலும் இலேசாக நெளிந்து வளையும். புதுக் கண்ணாடியில் ஒரே தட்டையாக நிற்கும். இந்த நெளிவைக் காப்பாற்றி வைத்திருப்பவர் வீட்டின் மற்றப் பகுதிகளையும் மதித்திருக்க வாய்ப்புண்டு.

அடைத்த சன்னலைக் கண்டால், "சன்னல் வரிக்குப் பயந்து மூடியது" என்று தரகர் சொல்வார். அந்த வரி 1696-இல் வந்து 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே வெறும் மாடமாகக் கட்டியவையும் ஏராளம். மூடிய செங்கல்லின் நிறமும் சாந்தும் சுற்றுச்சுவரோடு ஒத்துப்போனால், அது பிறப்பிலேயே குருட்டுச் சன்னல். அதைத் திறந்து வெளிச்சம் வாங்கலாம் என்ற கணக்கில் வீட்டை வாங்கிவிடாதீர்கள். அதற்கு அனுமதி கிடைப்பது அரிது.

3. சுவர் எதனால் பூசப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜார்ஜியன் சுவர் மிருதுவான செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு அதன் அடித்தளத்தில் இராது. மழையில் நனைந்து, காற்றில் உலர்ந்து, சாந்தின் வழியே ஈரத்தை வெளியேற்றியே அது இத்தனை ஆண்டு பிழைத்திருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் கலவையால் பாயிண்டிங் செய்தால், அதாவது செங்கல் இடுக்குகளை நிரப்பிப் பூசினால், சாந்து வழியே போகவேண்டிய ஈரம் செங்கல்லுக்குள் தங்கிவிடும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். இடையே உள்ள சிமெண்ட் மட்டும் விலா எலும்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும். சாவி முனையால் ஒரு மூலையில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், உரிமையாளரின் ஒப்புதலோடுதான். சுண்ணாம்பு மாவாக உதிரும், சிமெண்ட் அசையாது. சுண்ணாம்பும் மணலும் கலந்து சுவர் பூசிய கொத்தனாரைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு கை பட்டவுடனே தெரிந்துவிடும்.

உட்புறத்திலும் இதே கதைதான். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் சஃபோக்கில் ஒரு வீட்டைப் பார்க்க என்னையும் அழைத்துப் போயிருந்தார். வீடு முழுதும் புது வெள்ளை, மெழுகிட்ட தரைப்பலகை, மேசைமேல் பூங்கொத்து. சாப்பாட்டு அறையில் மட்டும் ஒரு கனத்த அலமாரி, சன்னலுக்குக் குறுக்கே பொருத்தமில்லாத இடத்தில் நின்றது. அனுமதி கேட்டு அதன் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டதும் உப்புப் பொடி ஒட்டிக்கொண்டது. வெளியே போய்ப் பார்த்தால், அதே சுவரையொட்டி அழகான கல்தளம் புதிதாகப் போடப்பட்டிருந்தது. தளம் வீட்டின் உள்தரையைவிட ஒரு சாண் உயரமாக இருந்ததால், மழைநீர் முழுதும் சுவரோடு தேங்கி உள்ளே இறங்கியது. சுவருக்கு ஜிப்சம் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்து, ஈரம் வெளியேறும் வழியையும் மூடியிருந்தார்கள். புதுப்பித்தவர் ஏராளமாகச் செலவு செய்திருக்கிறார். அந்தச் செலவே சுவரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த வீட்டை வாங்கவில்லை.

ஈரமான சுவருக்கு மருந்து ஊசி போடவேண்டும் என்று சொல்லும் நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சுவரில் துளையிட்டு இரசாயனம் செலுத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை மிக எளியவை: வெளியே மண்மட்டம் உயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, தரைப்பலகைக்குக் கீழே காற்றுப் போகும் துளைகளைப் பூந்தொட்டியோ மண்ணோ அடைத்திருக்கிறதா. இவற்றைச் சரிசெய்து, சிமெண்ட் பூச்சை அகற்றி, சுண்ணாம்பு பூசி, சுவர் உலரக் காத்திருந்தால் பெரும்பாலான ஈரம் தானே விலகும். அப்படி உலர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

4. மழை நாளில் ஒருமுறை போங்கள்

தரகர்கள் வெயில் நாளையே விரும்புவார்கள். நீங்கள் இரண்டாம் முறை செல்லும்போது மழை நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். ஜார்ஜியன் முகப்புகளில் பல, கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர் கொண்டவை. அதற்குப் பின்னால் ஈயத்தகடு வேய்ந்த மழைநீர் வாய்க்கால் ஓடும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்திலும் இத்தகைய வாய்க்கால் இருக்கும். இலை அடைத்தாலோ, தகடு விரிசல் விட்டாலோ, நீர் நேரே உத்தரங்களின் முனைகளுக்குள் இறங்கும். தெருவில் இருந்து பார்க்க எதுவும் தெரியாது. ஆகவே கூரைக்குள் ஏறிப் பார்க்க இயலுமா என்று கேளுங்கள். உத்தர முனைகளில் கறுத்த கறை, ஈர மரத்தின் வாசனை, மரத்தூள் ஆகியவற்றைத் தேடுங்கள். அறைகளின் உட்புறச் சன்னல் கதவுகள், சுவர்ப் பெட்டிக்குள் மடிந்திருந்தால், திறந்து காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் அவற்றை ஆணியடித்து வண்ணம் பூசி மறந்துவிட்டிருப்பார்கள். திரும்ப இயங்கவைத்தால் குளிர்கால இரவுகளில் அவற்றின் அருமை தெரியும்.

5. பட்டியலில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்

1700-க்கும் 1850-க்கும் இடையே கட்டப்பட்டு ஓரளவு பழைய நிலையில் இருக்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று நிலைகள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கும் மேல் இரண்டாம் தரத்தவை. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரை இட்டு, கட்டணமின்றி எவரும் தேடலாம். அங்குள்ள விவரக்குறிப்பு பல வீடுகளுக்கு நான்கு வரிதான் இருக்கும். அந்த வரிகளில் படிக்கட்டு குறிப்பிடப்படவில்லை என்பதால் படிக்கட்டைப் பிடுங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பாதுகாப்பு வீட்டின் உள்ளும் புறமும் முழுமைக்கும் உண்டு. வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பே கட்டப்பட்டு வீட்டைச் சார்ந்திருக்கும் கொட்டகை, தோட்டச் சுவர் போன்றவையும் அதற்குள் அடங்கும்.

1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் சிறப்பியல்பைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்வது குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பில்லை, இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பட்டியலில் இருப்பது தெரியாது என்ற சாக்கு செல்லாது. முந்தைய உரிமையாளர் செய்த குற்றத்துக்கு நீங்கள் சிறை செல்லமாட்டீர்கள். ஆனால் அவர் அனுமதியின்றிப் பொருத்திய சன்னலை எடுத்துவிட்டுப் பழையபடி அமைக்கும்படி கவுன்சில் உத்தரவிட்டால், அந்த உத்தரவு இன்றைய உரிமையாளரான உங்கள் பெயருக்குத்தான் வரும். அதற்குக் காலவரம்பு கிடையாது. முப்பது ஆண்டுக்கு முந்தைய வேலைக்கும் வரலாம்.

இதனால்தான் புதுப்பிக்கப்பட்ட வீட்டில் காகிதங்கள் செங்கல் அளவுக்கு முக்கியமாகின்றன. கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேட்டில் அந்த முகவரிக்குரிய விண்ணப்பங்களைப் பெரும்பாலும் இணையத்திலேயே படிக்கலாம். அனுமதித்த வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத கதவோ, காணாமல்போன சுவரோ, கூடுதல் குளியலறையோ தென்பட்டால் அதுதான் உங்கள் முதல் கேள்வி. நல்ல உரிமையாளரிடம் தனிக் கோப்பு இருக்கும். அண்ணன் பின்னர் நார்தாம்ப்டன்ஷயரில் வாங்கிய வீட்டின் உரிமையாளரான அம்மையார், சுவர் திறந்திருந்த நாளில் எடுத்த படங்கள், சுண்ணாம்பு வாங்கிய ரசீதுகள், தச்சர் எழுதிக்கொடுத்த குறிப்புகள் என இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்து, ஒரு பிற்பகல் முழுதும் விளக்கினார். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு விலையைப் பற்றி மட்டுமே பேச வேண்டியிருந்தது.

6. தோட்டத்தை வீட்டின் ஓர் அறையாகக் கருதிப் பாருங்கள்

விற்பனைப் படங்களில் தோட்டம் ஜூன் மாதத்தில்தான் இருக்கும். கட்டமைப்பைக் காண்பதற்கு ஜனவரியே நல்ல காலம். பெரிய மாளிகைகளுக்கு லான்சலாட் பிரவுனும் ஹம்ப்ரி ரெப்டனும் நிலக்காட்சி அமைத்துக்கொடுத்த அதே காலத்தில், கிராம வீட்டுக்காரர் காய்கறிக்கும் பழத்துக்கும் சுவர் சூழ்ந்த தோட்டம் கட்டினார். தெற்குநோக்கிய செங்கல் சுவர் பகலின் வெப்பத்தைச் சேர்த்துவைத்து, பேரிக்கும் பீச்சுக்கும் இரவில் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சுவரின் அருகே போய்ப் பாருங்கள். சாந்து முழுதும் அம்மைத் தழும்புபோல் சிறு துளைகள் இருக்கும். கிளைகளைத் துணிப்பட்டையால் கட்டி ஆணியடித்த தோட்டக்காரர்களின் தடம் அவை. நான் ஒரு சுவரில் அந்தத் துளைகளைக் கையால் தடவிக்கொண்டே நடந்தபோது, துருப்பிடித்த ஆணி ஒன்று இன்னும் உள்ளேயே இருந்தது. துளைகள் அழகு, ஆனால் சுவரின் தலைப்பிலுள்ள மூடுகல் பெயர்ந்திருந்தால் நீர் உள்ளே இறங்கிச் சுவர் சாயும். நீளமான சுவரைச் சுண்ணாம்பில் திரும்பக் கட்டுவது, புதுச் சமையலறை போடுவதைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கக்கூடும்.

நடைபாதை ஓரங்களில் பாக்ஸ் செடி வேலி இருந்தால் இலைகளை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூலாம்படையும் பச்சைப் புழுவும் தெரிந்தால், பாக்ஸ் அந்துப்பூச்சி வந்துவிட்டது. ஒரே கோடையில் வேலியை மொட்டையாக்கிவிடும். யூ மர வேலி அதனினும் நம்பகமானது, கடுமையாக வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் குழந்தைகளும் குதிரைகளும் உள்ள வீட்டில் அதன் நச்சுத்தன்மையை மறக்கக்கூடாது. ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி இருக்கிறதா என்ற கேள்வி, விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்திலேயே உண்டு. அதற்குத் "தெரியாது" என்று பதில் வந்தால் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தரும் வங்கிகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

கிராமம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தை வெட்டவோ கழிக்கவோ ஆறு வாரங்களுக்கு முன் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தனி மரத்துக்கே பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதியே பெறவேண்டும். தோட்டத்துச் சிலை, சூரிய மணிகாட்டி, கல்தொட்டி ஆகியவை விற்பனையில் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்; அவற்றுக்கும் பட்டியல் பாதுகாப்பு இருக்கலாம். வார்விக்‌ஷயரில் ஒருவர் தம் தோட்டத்திலிருந்த 18-ஆம் நூற்றாண்டு ஈய ஜாடிகள் இரண்டை, பீடங்களோடு 2009-இல் ஏலத்தில் விற்றார். அவை பட்டியலில் தனியாக இடம்பெற்றவை என்று கவுன்சில் நடவடிக்கை எடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவை சட்டத்தின் பொருளில் 'கட்டடம்'தானா என்று வாதிட உரிமையாளருக்கு உரிமை உண்டு என 2020-இல் தீர்ப்பு வந்தது. அந்தக் கேள்விக்குக் கதவு திறப்பதற்கே பல ஆண்டுகள் போய்விட்டன.

வேலிக்குள் பொதுநடைபாதை ஓடுகிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்ற இரண்டையும் விடாமல் கேளுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து நேராக ஓடைக்கோ வாய்க்காலுக்கோ கழிவுநீர் விடுவது 2020 முதல் அனுமதிக்கப்படுவதில்லை. மாற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

7. சர்வேயரைத் தேர்ந்தெடுங்கள்

கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருபவர். உங்களுக்காக, வீட்டின் நிலையைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வகுத்த மூன்றாம் நிலை சர்வே, அதாவது மிக விரிவான சோதனை வேண்டும். அதையும் பழங்கட்டடங்களில் பழகியவரிடமே கொடுங்கள். "சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஈரம் கண்டால் என்ன பரிந்துரைப்பீர்கள்?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். ஈரமானியைப் பற்றியும் மருந்து ஊசியைப் பற்றியும் பேசத் தொடங்கினால் வேறொருவரைத் தேடுங்கள். மண்மட்டத்தையும் மழைநீர்க் குழாயையும் பற்றி உங்களிடமே திருப்பிக் கேட்டால் அவரை விடாதீர்கள். 1877-இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும், 1937-இல் தோன்றிய ஜார்ஜியன் குழுவும் இத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவை. முன்னது தொழில்நுட்ப ஆலோசனை தொலைபேசி வசதியும் வைத்திருக்கிறது.

8. பணக் கணக்கு

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் 1,25,000 பவுண்டுக்கு முத்திரை வரி இல்லை. அடுத்து 2,50,000 வரையுள்ள பகுதிக்கு 2 சதவீதம், 9,25,000 வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், 15,00,000 வரையுள்ள பகுதிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 9,00,000 பவுண்டு வீட்டுக்கு 35,000 பவுண்டு வரி வரும்.

நம்மவர்கள் பலர் தவறவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. உலகில் எங்கேனும் 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், அது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தாலும், இங்கே வாங்குவது இரண்டாம் வீடாகவே கொள்ளப்படும். குடியிருந்த முதன்மை வீட்டை விற்றுவிட்டு அதற்கு மாற்றாக வாங்கினாலன்றி, முழு விலைமீதும் 5 சதவீதம் கூடுதல் வரி சேரும். மேற்சொன்ன வீட்டுக்கு வரி 80,000 பவுண்டாக உயர்ந்துவிடும். பரம்பரை வீட்டில் பங்கு மட்டும் இருந்தாலும், வாங்கும் சட்ட வேலையைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் 183 நாட்களாவது பிரிட்டனில் இல்லாதவர்களுக்கு மேலும் 2 சதவீதம் உண்டு.

பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி கட்டவேண்டும். பட்டியல் வீடுகளில் அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த வரிவிலக்கு 2012-இல் நீங்கிவிட்டது. காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலையைக் கொண்டு நிர்ணயிக்காமல், அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே வேலைப்பாட்டில் திரும்பக் கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்க வேண்டும்.

9. விலை பேசியதிலிருந்து சாவி வரை

தரகர் விற்பவருக்காக உழைப்பவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பேசுங்கள். நீங்கள் சொன்ன விலையை அவர்கள் ஒப்புக்கொண்டாலும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இருதரப்பும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை எவரையும் அது கட்டுப்படுத்தாது. கூடுதல் விலை தருபவர் வந்தால் வீடு கைமாறிப் போகலாம். இந்த இடைவெளியில்தான் சர்வேயும், கவுன்சில் பதிவுகளின் தேடலும், சொலிசிட்டரின் கேள்விகளும் நடக்கும். எது வீட்டோடு வரும், எது விற்பவரோடு போகும் என்பது டிஏ10 படிவத்தில் இருக்கும்; கணப்பு இரும்புத் தட்டி, சன்னல் கதவு, கதவுக் கைப்பிடி வரை வரிவரியாகப் படியுங்கள். பரிமாற்றத்தன்று வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கட்டவேண்டும். காப்பீடு அன்றிலிருந்தே தொடங்கவேண்டும், சாவி வாங்கும் நாளிலிருந்து அன்று. வீடு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் முத்திரை வரிப் படிவம் போய்ச் சேரவேண்டும். அதைச் சொலிசிட்டரே செய்வார்.

குடியேறிய முதல் ஆண்டு எந்தச் சுவரையும் இடிக்காதீர்கள், எந்த மரத்தையும் வெட்டாதீர்கள். எந்த அறையில் காலை வெயில் விழுகிறது, எந்த மூலையில் பிப்ரவரியில் பனித்துளி மலர்கள் தலைநீட்டுகின்றன, எந்த வாய்க்கால் நிரம்பி வழிகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். விற்றவர் கொடுத்த கோப்பிலேயே அந்தக் குறிப்பேட்டையும் வையுங்கள். நவம்பரில் இலை உதிர்ந்து முடிந்ததும், கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலுள்ள ஈய வாய்க்காலைத் துப்புரவு செய்ய முன்கூட்டியே ஆள் சொல்லி வைத்துவிடுங்கள்; அந்த மாதத்தில் ஏணியோடு வருபவர்களுக்கு ஊர் முழுதும் வேலை இருக்கும்.